மண்டையோட்டுக்குள் ஒரு குருதிக்கலன் கட்டி

"டியூமர்" என்ற ஒரேயொரு சொல்லைச் சரியாக மொழிபெயர்க்கத் தெரியாமல் போனதால்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

உம்மாவின் தங்கை, அதாவது என் சாச்சி, சென்ற வருடம் நரம்பியல் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். சாச்சியின் சிங்களம் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதும். வைத்தியரோடு கதைக்கப் போதாது. "நீ பயோ படிக்கிற புள்ளதானே, உனக்கு விளங்கும்" என்று சொல்லிவிட்டார். டொக்டர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறி நன்றாகத்தான் விளக்கினார். இடையில் "டியூமர்" என்றும் சொன்னார். நான் அதை அப்படியே "டியூமர் எண்டு சொல்றாங்க சாச்சி" என்று திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் சாச்சியின் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்: "கென்சர் எண்டு எனக்குச் சொல்லாம மறைக்கிறியா மகள்?"

நம் ஊர்களில் டியூமர் என்றால் புற்றுநோய்தான். ஆனால் மருத்துவத்தில் அது வெறும் "கட்டி". நல்ல கட்டியும் இருக்கிறது, கெட்ட கட்டியும் இருக்கிறது. சாச்சிக்கு இருந்தது முதல் வகை. அன்று இரவு உயிரியல் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி சாச்சிக்கு விளங்கப்படுத்தினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். சாச்சியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "பேரைப் போடாட்டி சரி" என்றார்.

முதலில் அந்த வீக்கத்தைப் பற்றி. வலது பக்கம், நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலிருந்து நான்கு விரல் பின்னால், ஒரு பாதித் தேசிக்காயைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. சாச்சி வெளியே போகும்போதெல்லாம் பர்தா, வீட்டிலும் முந்தானை. ஆகவே நான்கு வருடமாக அது வளர்ந்ததை அவரைத் தவிர ஒருவரும் காணவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரலில் தட்டுப்பட்டது. "ஒண்டும் இல்ல, சின்ன வயசில கதவில முட்டின வீக்கம்" என்றார். சின்ன வயதில் முட்டிய வீக்கம் நாற்பது வயதில் வளருமா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அதன்பிறகு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது; எல்லோரும் வைத்தியரானார்கள். ஒருவர் ஓதி ஊதிய எண்ணெய் தந்தார். இன்னொருவர் தலையில் கத்தி பட்டால் அது உடம்பெல்லாம் பரவும் என்றார். இவற்றைவிட எனக்கு இப்போது நினைத்தாலும் பயம் தருவது வேறொன்று. பக்கத்து ஊரில் ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டி, விறைக்கிற ஊசி போட்டுப் பத்து நிமிஷத்தில எடுக்கலாம்" என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளில் சாச்சியின் மகனுக்குக் காய்ச்சல் வந்ததால் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் பயம் என்பதைச் சொல்ல வேண்டுமானால் மண்டையோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டையோட்டை நாம் ஒரே தடித்த ஓடு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது மூன்று படைகள் கொண்டது. வெளியே இறுகிய என்புத் தகடு ஒன்று, உள்ளே மூளைப் பக்கமாக இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே பஞ்சுபோன்ற என்பு. இந்த நடுப்படைக்கு டிப்ளோ என்று பெயர். அதில் செவ்வென்பு மச்சையும் மெல்லிய சுவர் கொண்ட நாளங்களும் இருக்கின்றன. அதாவது நம் தலையோடு உயிருள்ள, குருதி ஓடுகிற ஒரு பொருள். மாதிரி எலும்புக்கூட்டை ஆய்வுகூடத்தில் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது மறந்துபோகிறது.

அந்த நடுப்படையிலே குருதிக்கலன்கள் தேவையில்லாமல் பெருகி, விரிந்து, குருதி நிறைந்த அறைகளாக மாறினால் அதுதான் ஹீமன்ஜியோமா. என்புக்குள் வருவதால் இன்ட்ரா ஒசியஸ் ஹீமன்ஜியோமா. தமிழில் "என்பகக் குருதிக்கலன் கட்டி" என்று நான் வைத்துக்கொண்டேன். பெரிய அறைகள் கொண்டதும் உண்டு, மயிர்க்குழாய்கள் போன்ற நுண்ணிய கலன்கள் கொண்டதும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. மண்டையோட்டில் பெரும்பாலும் வருவது பெரிய அறைகள் கொண்ட வகை. ஒவ்வோர் அறையின் சுவரும் ஒற்றைப் படை அகவணிக் கலங்களால் ஆனது. அறைகளுக்கு இடையே மிஞ்சிய என்பு மெல்லிய கம்பிகள்போல நிற்கும்.

இதை சாச்சிக்கு எப்படிச் சொல்வது? பெருநாளைக்குச் செய்யும் வட்டிலப்பத்தை நினைக்கச் சொன்னேன். நன்றாக அவிந்த வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே கண்ணறை கண்ணறையாக இருக்கும், அந்தக் கண்ணறைகளில் பாகு நிற்கும். "அந்தப் பாகுக்குப் பதிலா இரத்தம், சாச்சி." அவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் விளங்கிவிட்டது. வட்டிலப்பத்தின் நடுவில் கரண்டியை விட்டால் பாகு நாலாபக்கமும் வடியும். பத்து நிமிடத்தில் எடுக்கலாம் என்ற இடத்தில் நடந்திருக்கக்கூடியது அதுதான். என்புக்குள் இருக்கும் நாளங்கள் தசையில் இருப்பவைபோலச் சுருங்கி மூடிக்கொள்ளாது. கிள்ளிப் பிடித்துக் கட்டவும் முடியாது.

கொழுப்புக் கட்டியையும் இதையும் கையால் ஓரளவு பிரித்தறியலாம் என்று டொக்டர் காட்டித் தந்தார். கொழுப்புக் கட்டியும், தோலில் வரும் நீர்க்கட்டியும் விரலால் தள்ளினால் அசையும், மெத்தென்று இருக்கும். இது கல்போல இருக்கும், அசையாது. மேலே தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். அசையாத வீக்கத்தைப் படம் எடுக்காமல் யாரும் வெட்டக்கூடாது.

இது எவ்வளவு அரிது என்றால், மனிதருக்கு வரும் எல்லா என்புக் கட்டிகளிலும் குருதிக்கலன் கட்டிகள் சுமார் 1 சதவீதம்தான். அவற்றிலும் பெரும்பாலானவை முள்ளந்தண்டில் வருகின்றன. அங்கே அநேகமாக ஒரு தொந்தரவும் தராமல் கிடந்துவிடும். மண்டையோட்டில் வருபவை எல்லா என்புக் கட்டிகளிலும் ஆயிரத்துக்கு இரண்டு அளவுதான். வந்தால் நெற்றியென்பிலும் பக்கவாட்டிலுள்ள சுவரென்பிலும் கூடுதலாக வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதிலும் நாற்பதை அண்டிய வயதில். சாச்சி எல்லாக் கட்டத்திலும் புள்ளடி போட்டிருந்தார்.

இதை முதன்முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த ஜோசப் டொயின்பீ. 1845 இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில், என்பின் உள்ளேயே வளர்ந்த இரண்டு குருதிக்கலன் கட்டிகளைப் பற்றி எழுதினார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895 இல். அதற்கு ஐம்பது வருடத்துக்கு முன்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லாத காலத்தில். அவர் உண்மையில் காது வைத்தியர். காதிரைச்சலுக்கு மருந்து தேடித் தன்மீதே ஆவி பிடித்துப் பரிசோதித்தபோது 1866 இல் இறந்துபோனார். ஆய்வுகூடத்தில் எதையும் முகர்ந்து பார்க்காதீர்கள் என்று எங்கள் இரசாயனவியல் ஆசிரியை சொல்லும்போதெல்லாம் இவர் ஞாபகம்தான் வருகிறது.

படங்களுக்கு வருகிறேன். எக்ஸ் கதிர்ப் படத்தில் இந்தக் கட்டி தேன்கூடுபோலவோ, நடுவிலிருந்து கதிர் பாய்கிற சூரியன்போலவோ தெரியும். அந்தக் கதிர்கள்தான் நான் சொன்ன மெல்லிய என்புக் கம்பிகள். சீ.ரி. ஸ்கேனில் இது இன்னும் தெளிவு. வெளித் தகடு மெலிந்து புடைத்திருக்கும். உட்தகடு பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கும். சாச்சியின் ஸ்கேனை டொக்டர் விளக்குப் பெட்டியில் வைத்து உட்தகட்டின் கோட்டைப் பேனையால் தொடர்ந்து காட்டினார். கோடு எங்கும் அறுபடவில்லை. மூளைக்கும் கட்டிக்கும் இடையில் சுவர் இருக்கிறது என்று அர்த்தம். அதை நான் ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன், ஆனால் அது "டியூமர்" என்ற சொல்லுக்குப் பிறகு வந்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தார்கள். அது மூளையுறையிலிருந்து கிளம்பும் மெனிஞ்சியோமா என்ற வேறொரு கட்டி அல்ல என்று பார்ப்பதற்காக. இன்னொரு விடயமும் நடந்தது. டொக்டர் சாச்சியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு பெண் டொக்டரை அழைத்துத் திரைக்குப் பின்னால் மார்பைப் பரிசோதிக்கச் சொன்னார். சாச்சிக்கு வெட்கமும் கோபமும். "தலைக்கு வந்தவள்ட நெஞ்சை என்னத்துக்குப் பாக்கணும்?" காரணம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயும் தைரொயிட் புற்றுநோயும் சிலவேளை மண்டையோட்டு என்பில் வந்து குடியேறும். தலையில் ஒரு வீக்கம் வந்தால் அது அங்கேயே பிறந்ததா, வேறிடத்திலிருந்து வந்ததா என்று பார்க்காமல் விடமுடியாது. இதை அந்த நேரத்தில் இரண்டு வசனத்தில் யாராவது சொல்லியிருந்தால் சாச்சி அவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டார். எனக்கும் அப்போது தெரியவில்லை.

ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பயொப்ஸி பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். டொக்டர் சிரித்தார். குருதி நிறைந்த கட்டியில் ஊசி குத்தினால் குருதிதான் வரும், அது நிற்காமலும் போகலாம். அதனால் படங்கள் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. முழுக்க எடுத்த பிறகே நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

அப்படியானால் எடுக்கத்தான் வேண்டுமா? இதுதான் சாச்சியை ஒரு மாதம் தூங்கவிடாத கேள்வி. கட்டாயமில்லை என்றுதான் டொக்டர் சொன்னார். இந்தக் கட்டி பரவாது, மிக மெதுவாக வளரும். சிறிதாக, வலியில்லாமல் இருந்தால் இடைக்கிடை ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். வளர்ந்துகொண்டு போனால், வலித்தால், தோற்றத்தைக் கெடுத்தால், அல்லது என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் எடுப்பது நல்லது. கண்குழி ஓரத்தில் வந்தால் கண்ணைத் தள்ளும், அங்கே காத்திருப்பது சரிவராது. மருந்துக் குளிசையால் இது கரையாது. கதிர்ச் சிகிச்சை இருக்கிறது, ஆனால் அது வளர்ச்சியை நிறுத்தலாமே தவிர வீக்கத்தை இல்லாமல் செய்யாது. கத்தி போக முடியாத இடங்களுக்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

வாப்பா வேண்டாம் என்றார். சாச்சப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மும்மா தஹஜ்ஜுத்தில் அழுதார். கடைசியில் சாச்சியே முடிவெடுத்தார். அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: "நாலு வருஷமா சுபஹுக்கு எழும்பினா முதல் வேலை கையை வெச்சுப் பாக்கிறதுதான். வளந்தீக்கா எண்டு. எனக்கு இந்தக் கையை அங்கயிருந்து எடுக்கணும்." அவசரமில்லாத சத்திரசிகிச்சை என்பதால் நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு நாள் கேட்டு வாங்கினார்கள்.

சத்திரசிகிச்சை எப்படி நடக்கும் என்பதை டொக்டர் ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வட்டிலப்பக் கதையை அவரிடம் சொன்னபோது அவருக்குப் பிடித்துவிட்டது. "அப்போ நாங்கள் கரண்டி போடுவதில்லை, தட்டோடு தூக்குகிறோம்" என்றார். இதுதான் முழு விடயமும். கட்டியைத் தொடாமல், அதைச் சுற்றி அரை தொடக்கம் ஒரு சென்ரிமீற்றர் வரையான நல்ல என்பையும் சேர்த்து, ஒரே துண்டாக வெட்டி எடுப்பது. நல்ல என்பிலே வெட்டினால் குருதி குறைவு. ஒன்றும் மிஞ்சாததால் திரும்ப வளர்வதும் மிக அரிது. சுரண்டி எடுத்தால் இரண்டு அனுகூலமும் போய்விடும். கட்டி மிகப் பெரிதாக இருந்து, தடித்த நாடிகள் குருதி கொடுத்துக்கொண்டிருந்தால், முதலில் தொடையிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை அனுப்பி அந்த நாடிகளை உள்ளிருந்தே அடைத்துவிட்டுப் பிறகு வெட்டுவார்கள். சாச்சிக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் இரண்டு பைன்ற் இரத்தம் பொருத்திப் பார்த்து ஒதுக்கி வைத்தார்கள்.

தலை முழுவதையும் மொட்டையடிப்பார்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். வெட்டும் கோட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் மழித்தார்கள். தலைத்தோலில் குருதி மிக அதிகம். அதனால் குருதிக்கலன்களைச் சுருக்கும் அதிரினலினைக் கலந்து முதலில் ஊசி போடுகிறார்கள். (ஓமோன் பாடத்தில் மனப்பாடம் செய்ததற்கு இப்படியொரு பயன்.) தோலைப் புத்தகப் பக்கம்போல் மடித்து வைத்துவிட்டு, கட்டிக்கு வெளியே நல்ல என்பில் சிறு துளைகள் இடுவார்கள். துளைக்கும் கருவி உட்தகட்டைத் தாண்டியவுடன் தானாகவே நின்றுவிடும். இல்லாவிட்டால் நேரே மூளைக்குள் போய்விடுமல்லவா?

இந்த இடத்தில் ஒரு விடயம் சொல்லாமல் போக மனமில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தம் "அத்தஸ்ரீப்" நூலின் சத்திரசிகிச்சைப் பகுதியில், மண்டையோட்டைத் துளைக்கும் ஒரு கருவியைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே இறங்கிவிடாதபடி அதன் முனைக்குச் சற்று மேலே ஒரு வளையம் வைத்திருக்கும். மின்சாரம் இல்லை, மயக்க மருந்து இப்போதுபோல் இல்லை. ஆனால் பயம் அதே பயம், யோசனையும் அதே யோசனை. இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் அவர் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதிப் புள்ளி வாங்கினேன். அந்த வளையத்தைப் பற்றி யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

துளைகளை இணைத்து என்பை வெட்டி, கீழே மூளையை மூடியிருக்கும் வன்றாயி என்ற தடித்த உறையிலிருந்து மெதுவாகப் பிரித்து, துண்டைத் தூக்குவார்கள். வெட்டிய ஓரங்களில் கசியும் குருதியை நிறுத்தப் பூசுவது என்ன தெரியுமா? மெழுகு. தேன்மெழுகு சேர்த்த என்பு மெழுகு. ஆங்கிலேயச் சத்திரசிகிச்சையாளர் விக்டர் ஹோர்ஸ்லி 1892 இல் அறிமுகப்படுத்தியது, இன்றும் அதேதான். தேனீ தேன் மட்டும் தரவில்லை என்று உம்மும்மாவிடம் சொன்னபோது அவருக்கு அந்தச் சத்திரசிகிச்சையில் முதன்முறையாக நம்பிக்கை வந்தது.

எடுத்த இடத்தில் ஓட்டை இருக்குமே? அதை மூட வேண்டும். 1668 இல் வெளியான ஒரு டச்சு சத்திரசிகிச்சையாளரின் நூலில், ரஷ்யப் பிரபு ஒருவரின் மண்டையோட்டு ஓட்டையை நாயின் என்பால் மூடிய கதை இருக்கிறது. அதற்காகத் தேவாலயம் அவரை விலக்கிவைத்ததாம். அவர் அதைத் திரும்ப எடுக்கச் சொல்ல, அது ஒட்டிப்போயிருந்ததாம். இப்போது மூன்று நான்கு வழிகள் உண்டு. நோயாளியின் சொந்த மண்டையோட்டிலிருந்தே வெளித் தகட்டைச் சீவி எடுத்து வைக்கலாம். பிசைந்து பூசும் என்புச் சீமெந்து வைக்கலாம். அது இறுகும்போது சூடாகும் என்பதால் மேலே குளிர்ந்த நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது டைட்டேனியம் வலையை வளைத்துப் பொருத்திச் சிறு திருகாணிகளால் இறுக்கலாம். சாச்சிக்கு வலைதான். டைட்டேனியம் காந்தத்தால் இழுபடாது, துருப்பிடிக்காது, பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை.

மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஒதுக்கிய இரத்தம் தேவைப்படவில்லை. மறுநாள் வார்டில் சாச்சி கேட்ட முதல் கேள்வி தொழுகையைப் பற்றியது. தலையைக் கீழே கொண்டுபோனால் கொஞ்ச நாளைக்குத் தலையில் அழுத்தம் கூடும், காயம் விண்விண் என்று வலிக்கும். அதனால் தையல் பிரிக்கும் வரை இருந்து சைகையால் தொழச் சொன்னார்கள். வுழூவில் காயக் கட்டின்மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்று எங்கள் மௌலவியிடம் கேட்டு வாப்பா வந்து சொன்னார். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் இந்தச் சலுகைகளை எடுத்துக்கொள்ளச் சாச்சிக்குத்தான் மனம் வரவில்லை. சைகையால் தொழுதுவிட்டு ஒவ்வொரு முறையும் அழுதார்.

ஆய்வுகூட அறிக்கை வர மூன்று வாரம். இந்த முறை அறிக்கையை நான் முழுவதும் வாசித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். "நல்ல கட்டிதான் சாச்சி. கென்சர் இல்ல. ஓரமெல்லாம் சுத்தமா எடுத்தீக்காங்க." டியூமர் என்ற சொல் அறிக்கையில் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் "கட்டி" என்றே வாசித்தேன்.

இப்போது மயிர் வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. விரலால் அழுத்தினால் தோலுக்குக் கீழே வலையின் ஓரம் மெல்லிதாகத் தட்டுப்படும்; தொடச் சொல்லிச் சாச்சி எல்லோரிடமும் தலையை நீட்டுகிறார். போன கிளினிக்கில் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இன்ஷா அல்லாஹ் வருகிற வருடம் உம்ராவுக்குப் போகும்போது, விமான நிலையத்தில் இந்த டைட்டேனியம் சத்தம் போடுமா? இவ்வளவு சிறிய வலைக்குப் பெரும்பாலும் சத்தம் வராது என்றார் டொக்டர். இருந்தாலும் ஒரு கடிதம் எழுதித் தந்தார். சாச்சி அதைக் கடவுச்சீட்டோடு ஒரே உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார்.